மீஸானும் மூலர்த் திணிவும்: உருத்திரபுரத்து வயலை முன்வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

கிளிநொச்சி மாவட்டத்தில் எந்தக் கமநல சேவை நிலையத்துக்குப் போனாலும், அடுக்கி வைத்த யூரியாப் பைகளில் 46 என்றோர் எண்ணைக் காணலாம். கமக்காரர் அதைப் பார்க்கிறார். பையைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போகிறார். அவருடைய பிள்ளையோ அதே எண்ணைக் கண்டுபிடிக்கிற கணக்கைச் சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் 'மூலர்த் திணிவு' என்ற தலைப்பில் படிக்கிறது. சோதனை முடிந்ததும் மறந்துவிடுகிறது. வீட்டுக்குள் இருக்கிற பைக்கும் புத்தகத்துக்குள் இருக்கிற கணக்குக்கும் ஒரு தொடர்பு உண்டெண்டு இரண்டு பேருக்கும் யாரும் சொல்வதில்லை.

பல வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன் என்ற முறையில் இந்தத் தொடர்பைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாள் எண்ணம். இலக்கியமும் வரலாறும் பேசுகிற இந்தச் சஞ்சிகையில் பசளைக் கணக்குக்கு என்ன வேலை எண்டு சிலர் கேட்கக்கூடும். அந்தக் கணக்கின் வரலாற்றில் எங்கட முன்னோரின் தராசு இருக்கிறது. மானிப்பாயில் எழுந்த ஒரு தமிழ்ப் புத்தகம் இருக்கிறது. 2021இல் இந்த நாட்டுக் கமக்காரர் பட்ட பாடும் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரு நூலில் கோத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்கு என்ன?

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை; கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

ஒவ்வொரு மூலகத்தின் அணுவுக்கும் ஒரு சார்த்திணிவு உண்டு. காபனை 12 என்று வைத்து மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டால் ஐதரசன் ஏறத்தாழ 1, நைதரசன் 14, ஒட்சிசன் 16. யூரியாவின் ஒரு மூலக்கூற்றில் ஒரு காபன், ஒரு ஒட்சிசன், இரண்டு நைதரசன், நான்கு ஐதரசன். ஆகவே 12, 16, இரண்டு 14கள், நான்கு 1கள். கூட்டினால் 60. இதையே கிராமில் சொன்னால் யூரியாவின் ஒரு மூல் 60 கிராம். அதுதான் அதன் மூலர்த் திணிவு. இன்னும் நுணுக்கமாக, தசமத்தோடு கூட்டினால் 60.056 வரும்.

'மூல்' என்பது டசின் மாதிரி ஓர் எண்ணிக்கைப் பெயர். டசின் என்றால் 12. மூல் என்றால் 6022க்குப் பின்னால் 20 பூச்சியம் போட்டால் வருகிற அளவு. அணுவை ஒவ்வொன்றாக எண்ண ஏலாது. ஆனால் நிறுத்துப் பார்க்கலாம். நிறுப்பதன் மூலம் எண்ணுவதுதான் இந்தக் கணக்கின் சூட்சுமம். கடையில் ஆணி வாங்கும்போது கடைக்காரர் எண்ணித் தருவதில்லை, நிறுத்துத்தான் தருகிறார். ஓர் ஆணியின் நிறை தெரிந்தால் பையில் எத்தனை ஆணி எண்டு சொல்லிவிடலாம். அதே கதைதான் இங்கேயும்.

இப்போது 46க்கு வருவோம். 60 கிராம் யூரியாவில் நைதரசனின் பங்கு 28 கிராம். 28ஐ 60ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 46.7 வீதம். விற்பனைக்கு வரும் யூரியாவில் சிறிது ஈரமும் வேறு சேர்மானமும் இருக்கும் என்பதால் பையில் 46 என்று போடுகிறார்கள். 50 கிலோ பை ஒன்றில் 23 கிலோ நைதரசன். அவ்வளவுதான் விசயம். பயிருக்கு வேண்டியது அந்த 23 கிலோ. மிச்சம் 27 கிலோ அதைத் தூக்கி வருகிற வண்டி.

தராசுக்காரர்கள்

நாங்கள் பேசுகிற தமிழிலேயே இந்த வரலாற்றின் தடயங்கள் கிடக்கின்றன. 'தராசு' என்ற சொல் பாரசீகத்தின் 'தராஸூ'விலிருந்து வந்தது. ஒரு றாத்தல் பாண் வாங்குகிறோமே, அந்த 'றாத்தல்' அறபியின் 'ரத்ல்'. பசளைப் பைகளில் என்-பி-கே என்று மூன்று எழுத்துப் போட்டிருக்கும். அதில் பொற்றாசியத்தைக் குறிக்கிற 'கே', 'கேலியம்' என்ற இலத்தீன் பெயரின் முதலெழுத்து. அந்தப் பெயர் சாம்பலைக் குறிக்கும் அறபுச் சொல்லான 'அல்கலீ'யிலிருந்து பிறந்தது. 'அல்கீமியா' ஐரோப்பாவுக்குப் போய் 'அல்கெமி' ஆகி, முன்னொட்டை இழந்து 'கெமிஸ்ரி' ஆனது.

சொற்களைக் காட்டி எல்லாவற்றையும் நாங்களே கண்டுபிடித்தோம் என்று மார்தட்டுவது என் நோக்கமல்ல. எதைச் செய்தார்கள், எதைச் செய்யவில்லை என்று பிரித்துச் சொன்னால்தான் அது வரலாறு.

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜாபிர் இப்னு ஹையான் பெயரில் வழங்கும் நூல்களில் 'மீஸான்' பற்றிய ஒரு தொகுதி உண்டு. ஒவ்வொரு பொருளின் இயல்புக்கும் பின்னால் ஓர் எண் விகிதம் இருக்கிறது, அதைக் கண்டுவிட்டால் பொருளை அறிந்துவிடலாம் என்பது அவற்றின் அடிப்படைக் கருத்து. அந்த எண்கள் தராசில் நிறுத்து எடுக்கப்பட்டவை அல்ல. பெரும்பாலும் எழுத்துகளையும் மாயச் சதுரத்தையும் வைத்துப் போட்ட கணக்கு. ஆகவே ஜாபிர் மூலர்த் திணிவு கண்டார் என்று சொல்வது பொய். பொருளுக்குப் பின்னால் ஓர் எண் உண்டு என்று தேடத் தொடங்கினார் என்பது உண்மை.

நிறுத்துப் பார்த்தவர்கள் பின்னால் வந்தார்கள். அல்பிரூனி (973–1048) உலோகங்களையும் இரத்தினக் கற்களையும் நீரில் இட்டு, வெளியேறும் நீரை நிறுத்து, ஒவ்வொன்றின் ஒப்படர்த்தியையும் அளந்தார். அந்த அளவீடுகளை எங்களுக்குக் காத்துத் தந்தவர் மெர்வ் நகரத்து அல்காஸினீ. அடிமையாக அங்கு வந்து, எசமானரால் கல்வி பெற்றவர் அவர். ஹிஜ்ரி 515இல், அதாவது 1121–22இல், அவர் முடித்த 'மீஸானுல் ஹிக்மா' முழுக்க முழுக்கத் தராசைப் பற்றியது. அவருடைய தராசுக்கு ஐந்து தட்டுகள். தங்கத்தில் வெள்ளி கலந்திருக்கிறதா, எவ்வளவு கலந்திருக்கிறது என்று உருக்காமல், உடைக்காமல் கண்டுபிடிக்கிற கருவி அது. செல்ஜூக் சுல்தான் சன்ஜரின் கருவூலத்துக்காகச் செய்தது.

இந்த அக்கறை வெறும் அறிவு வேட்கையால் மட்டும் வந்ததல்ல. குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்தின் பெயரே நிறுவையில் குறைப்பவர்களைச் சுட்டுவது. சந்தையில் படியையும் எடைக்கல்லையும் சோதிக்க 'முஹ்தஸிப்' என்றோர் அதிகாரியை வைத்திருந்த சமூகம் அது. வாங்குகிறவன் ஏமாறக்கூடாது என்ற கடமைக்குள்ளிருந்துதான் அந்த நுண்ணிய தராசு பிறந்தது. இக்கட்டுரையின் பிற்பகுதியில் நான் சொல்லப்போவதற்கு இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சம்பவம். பத்தாம் நூற்றாண்டு அந்தலூஸில் எழுதப்பட்ட 'ருத்பத்துல் ஹகீம்' என்ற நூலில் ஒரு பரிசோதனை வருகிறது. கால் றாத்தல் பாதரசத்தைக் கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டு, நாற்பது நாள் மெல்லிய சூட்டில் வைக்க, அது சிவப்புத் தூளாகிறது. நிறுத்துப் பார்க்க, நிறை மாறவில்லை என்கிறார் ஆசிரியர். மாற்றம் நடந்த பிறகு திரும்ப நிறுக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் ஒருவருக்குத் தோன்றியதே பெரிய விசயம்.

ஆனால் விடை சரியா? எங்கட மூலர்த் திணிவுக் கணக்கால் சரிபார்க்கலாம். பாதரசம் 200.6. சிவப்புத் தூள் பாதரச ஒட்சைட்டு. ஓர் ஒட்சிசன் சேர 216.6. பாதரசம் முழுவதும் தூளாகியிருந்தால் நிறை 8 வீதம் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை என்றால், சூட்டில் கொஞ்சப் பாதரசம் ஆவியாகப் போய், காற்றிலிருந்து ஏறிய நிறையை ஈடுசெய்திருக்கலாம். எண்ணூறு வருடத்துக்குப் பிறகு லவோசியே அதே பாதரசத்தை மூடிய பாத்திரத்தில் சூடாக்கி, உள்ளே இருந்த காற்றையும் சேர்த்து அளந்தார். ஒட்சிசனின் பங்கு அப்போதுதான் தெளிவானது. காற்றையும் தராசில் ஏற்ற வேண்டும் என்பதுதான் இடையில் நடந்த மாற்றம். முன்னோரை மதிப்பதற்கு அவர்கள் விட்ட இடத்தையும் காட்டத்தான் வேண்டும்.

46ஐ முதலில் நிறுத்தவர்

பசளைப் பையில் இருக்கிற எண்ணுக்கு இருநூறு வயது தாண்டிவிட்டது. 1810களின் பிற்பகுதியில் இலண்டனில் வில்லியம் புரௌட் என்ற வைத்தியர் சிறுநீரிலிருந்து தூய யூரியாவைப் பிரித்தெடுத்துப் பகுத்தார். நைதரசன் 46.65 வீதம் என்று கண்டார். இன்றைய அணுத்திணிவுகளை வைத்து நான் கூட்டினாலும் 46.65தான் வருகிறது. மின்சாரம்கூட இல்லாத காலத்துத் தராசு அது.

1828இல் ஜேர்மனியின் ஃபிரெடரிக் வோலர் அமோனியம் சயனேற்றைத் தயாரிக்க முயன்றபோது வேறொரு வெண்பளிங்கு கிடைத்தது. அது சிறுநீரில் உள்ள யூரியா போலவே நடந்துகொண்டது. உயிருள்ள உடலுக்குள் மட்டுமே உண்டாகும் என்று பலர் நம்பிய ஒரு பொருளைச் சிறுநீரகம் இல்லாமல் செய்துவிட்டேன் என்று எப்படி உறுதிப்படுத்துவது? அவர் செய்த பல சோதனைகளுக்கு மேலே ஒரு கணக்கும் போட்டார். அப்போதிருந்த அணுத்திணிவுகளை வைத்து அமோனியம் சயனேற்றில் நைதரசன் எத்தனை வீதம் இருக்க வேண்டும் என்று கூட்டிப் பார்த்தார்: 46.78. புரௌட் யூரியாவில் அளந்ததோ 46.65. இரண்டும் ஒன்றே என்று சொல்லும் அளவுக்கு நெருக்கம்.

இதில் ஒரு பாடமும் இருக்கிறது. அமோனியம் சயனேற்றும் யூரியாவும் ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, ஒரே மூலர்த் திணிவு. ஆனால் வேறு வேறு பொருள்கள். அணுக்கள் கோத்திருக்கிற ஒழுங்கு வேறு. நிறை சொல்வதை நம்பலாம். ஆனால் நிறை எல்லாவற்றையும் சொல்லிவிடாது.

வீதம் இப்படிச் சரியாக வந்தாலும் அணுத்திணிவு பற்றிய குழப்பம் இன்னும் முப்பது வருடம் நீடித்தது. ஜோன் தாற்றன் நீரில் ஓர் ஐதரசனும் ஓர் ஒட்சிசனும் என்று எண்ணியதால் 1808இல் ஒட்சிசனை 7 என்று போட்டார். பிறகு சிலர் 8 என்றார்கள், சிலர் 16 என்றார்கள். நீரின் மூலக்கூற்று நிறை ஒருவருக்கு 9, மற்றவருக்கு 18. வினாகிரியில் இருக்கிற அசற்றிக் அமிலத்துக்கு அந்தக் காலத்தில் வழங்கிய 19 சூத்திரங்களைக் கெக்குலே தன் பாடநூலில் வரிசைப்படுத்திக் காட்டினார்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1860 செப்ரெம்பரில் ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் இரசாயனவியலாளர்கள் கூடினார்கள். மூன்று நாள் பேசியும் முடிவில்லை. இத்தாலியின் கனிசாரோ தன் மாணவர்களுக்கு எழுதிய ஒரு சிறு பிரசுரம் முடிவில் கைக்குக் கை கொடுக்கப்பட்டது. அரை நூற்றாண்டாகக் கவனிப்பாரற்றுக் கிடந்த அவகாதரோவின் கருதுகோளைப் பிடித்தால் எல்லாம் ஒழுங்காகும் என்று அதில் காட்டியிருந்தார். வந்திருந்த இளைஞர் மெண்டலீவ் அதைக் கொண்டு போனார். 1869இல் ஆவர்த்தன அட்டவணை வெளிவந்தது. இன்று எங்கட பிள்ளைகள் பார்த்து எழுதுகிற அணுத்திணிவுகளின் அத்திவாரம் அங்கே போடப்பட்டது. காபன் 12 என்ற பொது அளவுகோல் 1961இல் வந்தது. மூலுக்குரிய எண்ணை மாறாத தொகையாக நிலைநிறுத்தியது 2019இல்.

தமிழில் வந்த விதம்

கார்ல்ஸ்ரூ கூட்டம் நடந்து பதினைந்தே வருடத்தில், 1875இல், தமிழில் ஓர் இரசாயன நூல் வெளிவந்தது. பெயர் 'கெமிஸ்தம்'. அதன் பின்னால் இருந்தவர் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884). 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர், மானிப்பாயில் ஆஸ்பத்திரியும் வைத்தியக் கல்வியும் நடத்தினார். 1860களில் ஆங்கிலத்தை விட்டுத் தமிழிலேயே வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். அவரும் அவருடைய தமிழ் மாணவர்களுமாகச் சேர்ந்து உடற்கூறு, இரணவைத்தியம், பிரசவம் என்று வரிசையாக நூல்களைத் தந்தார்கள்.

கலைச்சொல் விசயத்தில் அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் தமிழில் சொல் தேடு. இல்லாவிட்டால் சமஸ்கிருதத்தில் பார். அங்கேயும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் உருவில் எடு. 'கெமிஸ்தம்' இந்த மூன்றாவது வழியில் வந்த சொல். யோசித்துப் பாருங்கள்: பாக்தாதில் 'கீமியா'வாக இருந்தது, ஐரோப்பா சுற்றி, அமெரிக்கர் ஒருவரின் கையால் மானிப்பாய்க்கு வந்து தமிழ்ச் சட்டை போட்டுக்கொண்டது.

பிறகு சொற்கள் மாறின. 1950களில் சுயமொழிக் கல்வி வந்தபோது அரசகரும மொழித் திணைக்களம் பாடம் பாடமாகக் கலைச்சொல் தொகுதிகளை வெளியிட்டது. 'இரசாயனவியல்', 'திணிவு', 'நைதரசன்' எல்லாம் பாடசாலைக்குள் நிலைத்தன. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: நீங்கள் 'நிறை' என்பதை நாங்கள் 'திணிவு' என்கிறோம்; நீங்கள் 'எடை' என்பதை நாங்கள் 'நிறை' என்கிறோம். ஆகவே உங்கள் 'மோலார் நிறை'யும் எங்கட 'மூலர்த் திணிவு'ம் ஒன்றுதான்.

இந்தச் சொல்லாக்கத்தின் பயன் என்னவென்றால், ஒரு கமக்காரரின் பிள்ளை ஆங்கிலம் தெரியாமலே இந்தக் கணக்கைப் படிக்க முடிகிறது. ஆனால் படித்த பிள்ளை அதை வயலுக்குக் கொண்டு போகவில்லை என்பதுதான் என் கவலை.

உருத்திரபுரத்தில்

உருத்திரபுரம் கிளிநொச்சி நகருக்கு அருகே, இரணைமடுத் தண்ணீரில் விளைகிற நெல்பூமி. காலபோகமும் சிறுபோகமும்தான் அந்த ஊரின் பஞ்சாங்கம். அங்குள்ள கமக்காரர்களோடு எனக்குப் பழக்கம் உண்டு. எங்கட ஆக்களுக்கும் அது அந்நியமான பூமியல்ல. முல்லைத்தீவில் நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று, மன்னாரில் முசலி என்று வன்னியிலும் அதன் ஓரங்களிலும் நெல் விதைத்த முஸ்லிம் கிராமங்கள் பல. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அந்த வயல்களும் பின்னால் விடப்பட்டன. 2009க்குப் பிறகு திரும்பி வந்து காடு வெட்டியவர்களுக்கும் உருத்திரபுரத்தாருக்கும் கவலை ஒன்றுதான்: தண்ணீர், விதை, பசளை.

போர்க்காலத்தில் வன்னிக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பசளையும் அடங்கியது. நைதரசனை வைத்து வெடிபொருளும் செய்யலாம் என்பது காரணம். இது இரசாயனவியலின் பழைய சோகம். 1909இல் ஃபிரிட்ஸ் ஹாபர் காற்றிலிருந்து அமோனியா செய்து காட்டினார். 1913இல் அது தொழிற்சாலையாயிற்று. அடுத்த வருடம் உலகப்போர் தொடங்க, அந்த அமோனியா குண்டுகளுக்கும் போனது. 1920களில்தான் அமோனியாவையும் காபனீரொட்சைட்டையும் சேர்த்துப் பெருமளவில் யூரியா செய்யும் வழி தொழிற்சாலைக்கு வந்தது. தடைக் காலத்தில் என்ன செய்தீர்கள் என்று உருத்திரபுரத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன்.

"என்ன செய்யிறது மாஸ்டர், குழை தாட்டம், மாட்டெரு போட்டம். விளைஞ்சது. ஆனா முந்தின மாதிரி இல்லை" என்றார்.

அந்த "முந்தின மாதிரி இல்லை" என்பதற்குள் எத்தனை கிலோ நைதரசன் இருக்கிறது என்பதுதான் எங்கட கணக்கு.

2021க்கு வருவோம். அந்த வருடம் மே மாதம் 6ஆந் திகதி வர்த்தமானி மூலம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. இம்முறை வன்னிக்கு மட்டுமல்ல, முழு நாட்டுக்கும். நாடு முழுவதும் சேதனப் பசளைக்கு ஒரே போகத்தில் மாறுவது என்பது திட்டம். சேதனப் பசளை கூடாது என்பதல்ல என் வாதம். மண்ணைப் பொதுமையாக்கி, நீரைப் பிடித்து வைப்பதற்கு மாட்டெருவுக்கு நிகர் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்.

நல்ல கூட்டெருவில் நைதரசன் 1 வீதமளவில் இருக்கும் என்று வைப்போம். ஒரு யூரியாப் பையின் 23 கிலோ நைதரசனுக்கு ஈடாக 2,300 கிலோ கூட்டெரு வேண்டும். ஏக்கருக்கு இரண்டு பை யூரியா போடுகிறவருக்கு 4,600 கிலோ. மூன்று ஏக்கர்க் கமக்காரருக்கு ஏறத்தாழ 14 தொன். இவ்வளவையும் விதைப்புக்கு முன் யார் செய்வது, எந்த மாட்டிலிருந்து எடுப்பது, எத்தனை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுவது? இதைக் கேட்க விவசாய விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை. க.பொ.த. சாதாரண தரம் போதும்.

இரண்டாவது கணக்கு இன்னும் முக்கியமானது. 2021 ஒக்டோபரில், காலபோக விதைப்பு நேரம், இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவப் பசளை இறக்குமதியாயிற்று. 500 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்று 45 கிலோ யூரியாப் பை ஒன்றுக்குச் சமம் என்பது அந்த வகைப் பசளை பற்றிச் சொல்லப்பட்ட விளம்பரம். போத்தலில் நைதரசன் 4 வீதம். உருத்திரபுரத்தில் ஒரு தம்பி என்னிடம் கேட்டான்:

"சேர், இந்தப் போத்தலும் அந்தப் பையும் ஒண்டாமே, உண்மையோ?"

"நீயே நிறுத்துப் பார்" என்றேன். இருவருமாகக் கணக்குப் போட்டோம். 500 மில்லிலீற்றரில் 4 வீதம் என்றால் 20 கிராம் நைதரசன். 45 கிலோ யூரியாவில் 46 வீதம் என்றால் 20.7 கிலோ நைதரசன். ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

இலையில் தெளிப்பதால் வீண்போவது குறைவு என்று சொல்வார்கள். அது ஒரு நியாயமான வாதம்தான். மண்ணில் போடுகிற யூரியாவில் பாதியும் அதற்கு மேலும் காற்றோடும் நீரோடும் போய்விடுகிறது. சரி, பாதி போகட்டும், முக்கால்வாசியும் போகட்டும். பையில் இன்னும் 5 கிலோ மிஞ்சும். போத்தலில் ஒரு துளியும் வீண்போகாவிட்டாலும் 20 கிராமுக்கு மேலே வராது. ஒரு தொன் நெல் விளையப் பயிர் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ நைதரசனை எடுக்கிறது. அப்படியானால் 20 கிராம் நைதரசன் எவ்வளவு நெல்லுக்குப் போதும்? ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூட. போத்தல் எவ்வளவு நனோவாக இருந்தாலும் இல்லாத அணுவை உண்டாக்காது. லவோசியேயின் தராசு அதற்கு இடம் கொடுக்காது.

கமக்காரர்கள் நாடெங்கும் வீதிக்கு இறங்கினார்கள். நவம்பரில் தடை தளர்ந்தது; ஆனால் காலபோகம் அதற்குள் போய்விட்டது, விளைச்சல் நாடு முழுவதும் வீழ்ந்தது. 2022இல் அரசாங்கம் 50 கிலோ யூரியாப் பையை 10,000 ரூபாய்க்கு விற்றது. 23ஆல் வகுத்தால் ஒரு கிலோ நைதரசன் ஏறத்தாழ 435 ரூபாய். பசளை வாங்குகிறவர் ஒப்பிட வேண்டிய விலை இதுதான். பையின் விலையை மட்டும் பார்க்கிறவர் ஏமாறுவார். அமோனியம் சல்பேற்றின் மூலர்த் திணிவு 132. அதிலும் நைதரசன் 28தான். ஆக 21 வீதம். பாதி விலைக்குக் கிடைத்தாலும் அது மலிவல்ல. கந்தகத் தேவை இருந்தாலொழிய யூரியாவுக்கே இலாபம்.

இன்னொரு விசயத்தையும் சொல்லிவிடுகிறேன். பொற்றாசியம் குளோரைட்டுப் பையில் 60 என்று போட்டிருக்கும். அது பொற்றாசியத்தின் வீதமல்ல. பொற்றாசியம் ஒட்சைட்டாகக் கணித்தால் வருகிற வீதம். பைக்குள் பொற்றாசியம் ஒட்சைட்டு என்ற பொருள் கிடையவே கிடையாது! பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பகுப்பாய்வாளர் எல்லாவற்றையும் ஒட்சைட்டாக எழுதிய பழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்சைட்டின் மூலர்த் திணிவு 94. அதில் பொற்றாசியம் 78. ஆகவே 60ஐ 0.83ஆல் பெருக்க வேண்டும். உண்மையில் இருப்பது 50 வீதமளவு.

யாருடைய கடமை?

அல்காஸினீயின் தராசு கருவூலத்துக்குள் வந்த தங்கத்தைச் சோதித்தது. முஹ்தஸிபின் எடைக்கல் சந்தையில் ஏழை வாங்கின மாவைச் சோதித்தது. இரண்டும் ஒரே கடமையின் இரண்டு முகங்கள். இன்று எங்கட சந்தையில் பை பையாக, போத்தல் போத்தலாக வருகிற பொருளை நிறைகோலில் வைத்தால் மட்டும் போதாது. 50 கிலோ சரியாக 50 கிலோவாகவே இருக்கும். அதற்குள் வேண்டிய பொருள் எத்தனை கிலோ என்பதை மூலர்த் திணிவு மட்டும்தான் சொல்லும். இது புதிய காலத்து எடைக்கல்.

நடைமுறைக்கு என் யோசனை சிறியது. கமக்காரர் அமைப்புகளும், வயல் சார்ந்த ஊர்களில் எங்கட பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஒரு பலகை வைக்கட்டும். ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் கடைக்கு வந்திருக்கிற பசளை ஒவ்வொன்றுக்கும் மூன்று எண் எழுதட்டும்: பையின் விலை, உள்ளே இருக்கிற நைதரசன் கிலோ, ஒரு கிலோ நைதரசனின் விலை. கணக்கைப் போடுகிற வேலையை ஊர்ப் பாடசாலையில் பதினோராம் ஆண்டு படிக்கிற பிள்ளைகளிடம் கொடுக்கலாம். அவர்களுக்கு அது பயிற்சி. தகப்பன்மாருக்கு அது பாதுகாப்பு.

உருத்திரபுரத்துத் தம்பி அந்தப் போத்தல் கணக்கைத் தன் கொப்பியின் பின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறான். அடுத்து யாராவது புதுப் போத்தலோடு வந்தால் கேட்பதற்கு அவனிடம் இப்போது இரண்டு கேள்விகள் உண்டு: இதற்குள் என்ன இருக்கிறது, எத்தனை கிராம் இருக்கிறது.